மாமாவும் மாப்பிள்ளையும் பொருத வெந்நீர்ப் போர்

ஜனவரி பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழரை மணிக்கு, நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் தளத்தில், ஒரே ஹீட்டரோடு இணைந்த இரண்டு குளியலறைகளில் இரண்டு ஷவர்கள் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டன.

வாழ்க நம் தலைவன். கரும்பலகை என்னும் களத்தில் சுண்ணக்கட்டி என்னும் வேலேந்தி, சமன்பாடுகளை அணி அணியாக வீழ்த்தியவன். பின்னூட்டம் என்னும் பெருந்தெய்வத்தின் அடியார்க்கும் அடியவன். ஆறாண்டுகள் தற்காலிக விரிவுரையாளனாக இருந்தும் தோள் துவளாதவன். கொக்கியில் தொங்கும் ஒரு துண்டையன்றி வேறு கவசம் அறியாதவன். நுரையே முடியாக, நீராவியே வெண்கொற்றக் குடையாக, பின்பக்கக் குளியலறையில் நின்ற அந்த மாப்பிள்ளை வாழ்க.

பின்னூட்டத் தாயே, நீயும் வாழ்க. நோக்கம் ஒன்றை மனத்தில் நிறுத்து, இருக்கும் நிலையை அளந்து பார், இரண்டுக்கும் இடையிலுள்ள பிழையைக் கண்டுகொள், பிழை குறையும் பக்கமாகக் கையை அசை, மறுபடியும் அளந்து பார் என்று உலகுக்கு ஓதியவள் நீ. கண்மணி ஒளிக்குத் தக்கபடி சுருங்கி விரிவதும், நடப்பவன் விழாமல் நடப்பதும், கப்பல் கரை சேர்வதும் உன் அருளே. அன்று காலை ஒன்பது மணிக்கு, தேர்வுக் குழுவின் மூன்று பேராசிரியர்கள் முன்னிலையில், 'அமைப்புச் சிந்தனை, மாதிரியாக்கம், பின்னூட்டக் கட்டுப்பாடு: ஓர் அறிமுகம்' என்னும் தலைப்பில் ஒரு மணி நேரம் உன் புகழ் பாடவிருந்தான் நம் தலைவன். பாடல் இனித்தால் நிரந்தர வேலை. இல்லையேல் ஏழாவது ஆண்டும் தற்காலிகம், அதற்கு மேல் ஒப்பந்தம் கிடையாது என்று துறைத்தலைவர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார்.

அவனுக்கு ஒரு குறை உண்டு. தலையில் குளிர்ந்த நீர் பட்டால் தும்மல் வரும். தும்மலுக்குப் பின்னே தொண்டை கட்டும். கட்டிய தொண்டையிலிருந்து வரும் குரல் எண்ணெய் கேட்கும் கதவின் குரலாக இருக்கும். ஆகவே அந்தக் குளிர்கால விடியலில் வெதுவெதுப்பான நீர் அவனுக்குச் சுகம் அன்று, ஆயுதம்.

இனி களத்தின் இயல்பைக் கூறுவோம். அது மாமனார் வீடு. மூன்று மாதங்களுக்கு முன் வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்ததால் தலைவன் மனைவியோடு அங்கே குடிபுகுந்திருந்தான். ஹீட்டர் நடைபாதையின் சுவரில், சமையலறை வாசலுக்கு மேலே, வயிறு பெருத்த மன்னனைப் போல வீற்றிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் முன்பக்கக் குளியலறைக்கும் ஒரு குழாய் பின்பக்கக் குளியலறைக்கும் சென்றன. இரண்டு அறைகளையும் பிரித்தது ஒற்றைச் செங்கல் சுவர். கட்டிய மேஸ்திரி என்ன கோபத்தில் இருந்தாரோ, வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் கைப்பிடியைக் கதவோரம் வைத்து, ஷவரை எதிர்மூலையில் ஜன்னலடியில் வைத்து, இடையே குழாயைச் சுவருக்குள் மூன்று பக்கமும் சுற்றவிட்டிருந்தார். ஒரு தவற்றைச் செய்தோமே என்று வருந்தாமல், அதே தவற்றைக் கண்ணாடியில் பார்த்தது போல எதிரறையிலும் செய்திருந்தார். இதனால் விளைந்தது என்னவெனில், கைப்பிடியில் இட்ட கட்டளை தலையில் வந்து விழ, நிதானமாகப் பத்து எண்ணும் நேரம் பிடித்தது. அந்தப் பத்து எண்ணிக்கையும் குழாயில் முன்பே நிற்கும் பழைய நீருக்கு உரியது. குளிப்பவன் நேற்றைய ஆட்சியின் பலனை அனுபவித்துக்கொண்டே நாளைய ஆட்சியைத் திட்டமிட வேண்டும்.

அறியாதார் இதில் அழிந்தனர். நம் தலைவனோ அறிந்தான். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கையில் பிடித்து, கைப்பிடியின் கோணத்தையும் நீரின் சூட்டையும் காலைதோறும் குறித்து, வரைபடம் வரைந்து, வளைவு பொருத்தி, ஒன்பது வாரத் தவத்தின் முடிவில் குளியலறையின் மாதிரி ஒன்றைப் படைத்தான். அம்மாதிரி காட்டிய இடத்தில், மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் கைப்பிடித் தட்டில் ஒரு புள்ளி வைத்தான். இரவுச் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று அதை உலகுக்கு அறிவித்தான்.

"இனிமே யாரும் கையை நீட்டிச் சூடு பாக்க வேண்டாம். புள்ளியில வைங்க, பத்து எண்ணுங்க, போய் நில்லுங்க. அவ்வளவுதான்."

மாதிரி பொய் சொன்னதே இல்லை. ஒன்பது வாரமும் மெய்யே சொன்னது. அந்த ஒன்பது வாரமும் அவன் குளித்த நேரத்தில் அந்த வீட்டில் வேறு எவரும் குளித்ததில்லை என்பதை மட்டும் அது யாரிடமும் சொல்லவில்லை. யாரும் அதனிடம் கேட்கவுமில்லை.

அமைப்புகளுக்கு வெளியிலிருந்து வந்து தாக்கும் இடையூறுகள் பல. காற்றடிக்கும், மின்சாரம் போகும், மேல்தொட்டி வற்றும். அனைத்திலும் கொடியது அன்பு. முந்தைய இரவு, மாப்பிள்ளை எட்டே கால் பேருந்தைப் பிடிப்பதாக இருப்பதைக் கேட்ட மாமனார் கையை உயர்த்தி ஆணையிட்டார்.

"பஸ்ஸெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை? இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் போறீங்க. நானே கார்ல கொண்டு விடறேன். காலைல நானும் சீக்கிரமே குளிச்சு ரெடியாயிடறேன்."

"உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்" என்று தலைவன் முறைப்படி மறுத்து, முறைப்படி இணங்கினான். சீக்கிரம் என்றால் ஆறு மணி என்று அவன் எண்ணினான். சீக்கிரம் என்றால் ஏழரை என்று அவர் எண்ணினார்.

மாமனாரின் பெருமையையும் பாடாமல் விட்டால் பழி வரும். முப்பத்திரண்டு ஆண்டுகள் ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து, இருக்கைக்கு அடியில் ஒளிந்தவனையும் கழிவறையில் ஒளிந்தவனையும் ஒரே கையால் இழுத்து நிறுத்தியவர். சீட்டைக் கண்ணால் பார்க்காமல் எவரையும் நம்பாதவர். உலகில் சீட்டுள்ளவன், சீட்டில்லாதவன் என்னும் இரு சாதி மட்டுமே கண்டவர். குழாயிடமும் அவருக்கு அதே கொள்கைதான். முழுக்கத் திறப்பார், அல்லது முழுக்க மூடுவார். நடுவில் ஒரு நிலை இருப்பதை அவர் சலுகை என்று கருதினார்.

ஏழரை மணி. தலைவன் கைப்பிடியைப் புள்ளியில் வைத்தான். பத்து எண்ணினான். போய் நின்றான். ஹீட்டர்க் கலன் தந்த வெந்நீரும் மேல்தொட்டி தந்த தண்ணீரும் நட்பு நாட்டுப் படைகள் போலக் கைகோத்து அவன் தலைமேல் இறங்கின. மாதிரியின் மாட்சிமையை வியந்து, கண்ணை மூடி, கை நிறைய ஷாம்பு எடுத்துத் தலையில் அப்பி, 'மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினரே' என்று முதல் வரியை ஒத்திகை பார்த்தான்.

அக்கணமே சுவருக்கு அப்பால் மாமனார் தம் கைப்பிடியை முழுக்க வெந்நீர்ப் பக்கம் தள்ளினார். கலனின் வெந்நீர் கொழுத்த பாதியாகப் பிரிந்து அவர் பக்கம் பாய்ந்தது. தலைவனின் முதுகில் பனிமலை ஒன்று ஏறி உட்கார்ந்தது.

கண்ணில் நுரை, காலடியில் வழுக்கல். சுவரைத் தடவித் தடவிக் கதவோரம் சென்று, கைப்பிடியை ஒரு நூல் வெந்நீர்ப் பக்கம் நகர்த்தினான். எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. கையை நீட்டிப் பார்த்தான்; இன்னும் பனிதான். தாமதமுள்ள அமைப்பில் பொறுமை இழந்து மேலும் மேலும் திருத்துபவன் தானே அலையை உண்டாக்குகிறான் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பவன் அவன். ஐந்தாவது எண்ணில் இன்னும் ஒரு நூல் நகர்த்தினான். ஏழாவது எண்ணில் இன்னும் இரண்டு.

இவன் இழுத்த வெந்நீர் அவருக்குக் குறைந்தது. சீட்டில்லாமல் குளிர்ந்த நீர் ஏறியிருப்பதைக் கண்ட மாமனார், குழாயையே அடியோடு அடைத்தார். அவர் அடைத்தது இவனைச் சுட்டது. இவன் குறைத்தது, மறுபடி திறந்த அவரைச் சுட்டது. சூடுபட்டவர் வெந்நீரை அடியோடு மூட, இவன் தலையில் எரிமலை கவிழ்ந்தது. ஒருவரை ஒருவர் காணாமல், ஒருவர் இருப்பதை ஒருவர் அறியாமல், ஒற்றைச் செங்கலின் இருபுறமும் நின்று, தத்தம் குழாயோடு போரிடுவதாக நம்பி, மாமாவும் மாப்பிள்ளையும் ஒருவர் தோலை ஒருவர் மாற்றி மாற்றி வேகவைத்தும் உறையவைத்தும், அலைமேல் அலையாக, ஒவ்வோர் அலையும் முந்தையதைவிட ஒரு சாண் உயரமாக, கலன் குமுறக் குழாய் நடுங்கப் பொருதனர்.

தலைவன் பின்வாங்கினான். ஆனால் ஓடவில்லை. கற்றவன் தோற்கும்போது ஓடுவதில்லை, மாதிரியைத் திருத்துகிறான். ஆவி படிந்த கண்ணாடியின் முன் நின்று, விரலால் ஒரு பெட்டி வரைந்தான். பெட்டிக்குள் கலனின் சூடு, குழாயின் நீளம், சுவர் குடிக்கும் வெப்பம், மேல்தொட்டியின் மட்டம், ஜன்னல் இடுக்கில் வரும் காற்று என ஒவ்வொன்றாகச் சேர்த்தான். ஷாம்பு வழிந்து ஒரு கண்ணை மூடியது. மறு கண்ணால் ஆவிக்கும் ஓர் உறுப்பு சேர்த்தான். அழகான பெட்டி. நான்கு பக்கமும் மூடிய பெட்டி. அதன் வலது கோட்டுக்கு அப்பால் அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர் சோப்பு போட்டுக்கொண்டு நிற்கலாம் என்பதற்கு மட்டும் அதில் குறியீடு இல்லை.

கதவு தட்டப்பட்டது. தலைவி பேசினாள்.

"என்னங்க, எட்டாகப் போகுது. குளிக்கறீங்களா, உள்ளயே கிளாஸ் எடுக்கறீங்களா?"

"தண்ணி சரியா வரல. ஒரு நிமிஷம்."

"புள்ளியில வெச்சீங்களா?"

வாளால் பட்ட புண்களின் நடுவே இது ஊசியால் பட்ட புண். தலைவன் புதிய கணக்கின்படி கைப்பிடியைப் புள்ளிக்கு இடப்புறம் வைத்தான். நீர் கொதித்தது. வலப்புறம் வைத்தான். நீர் உறைந்தது. புள்ளியின் மேலேயே வைத்தான். முதலில் கொதித்துப் பின் உறைந்தது.

அந்த வேளையில் சுவருக்கு அப்பாலிருந்து, பல நூறு ரயில் பெட்டிகளைக் கடந்து பழகிய குரல் ஒன்று முழங்கியது.

"ஏம்மா, யாரு அங்க வெந்நீரைப் புடுங்கறது? சமையலறைக் குழாயை மூடு!"

"நான் குழாய் பக்கமே போகல" என்றது மாமியாரின் குரல், நடைபாதையிலிருந்து. "பழைய பைப். அது அப்படித்தான் வரும். திட்டாம குளிங்க."

தலைவனின் கை கைப்பிடியிலேயே நின்றது. கண்ணாடியில் வரைந்த பெட்டியின் வலப்பக்கக் கோடு மெல்ல வழிந்து மறைவதை ஒற்றைக் கண்ணால் கண்டான். ஓர் அமைப்பின் எல்லை எங்கே முடிகிறதென்று அமைப்பு சொல்வதில்லை, வரைபவன் சொல்கிறான் என்று தன் உரையின் மூன்றாம் பக்கத்தில் தானே எழுதியிருந்ததை நினைத்தான். பகை அறியப்பட்டது. பகைவர் மாமா.

அறிந்த பின்னரே துன்பம் முற்றியது. எதிரி இன்னார் எனத் தெரியாதவரை முழு வலிமையோடு போரிடலாம். மாமனார் வீட்டில், மாமனார் ஹீட்டரில், மாமனாரைப் பார்த்து 'குழாயை மூடுங்கள்' என்று சொல்ல எந்த மருமகனுக்கு நாக்கு எழும்? தலைவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரை நோக்கித் தன் சமாதான ஓலையை உரைத்தான்.

"மாமா, நீங்களா? நான்தான் இந்தப் பக்கம். நீங்க குளிங்க மாமா. நான் நிறுத்திக்கறேன்."

"அட, மாப்பிள்ளையா? முதல்லயே சொல்லக் கூடாதா? உங்களுக்குத்தானே அவசரம், நீங்க குளிங்க. நான் மூடிட்டேன்."

இரு கைப்பிடிகளும் ஒருங்கே மூடின. களத்தில் அமைதி சூழ்ந்தது. மாப்பிள்ளை, மாமா குளிக்கும் ஓசைக்காகக் காத்திருந்தான். மாமா, மாப்பிள்ளை குளிக்கும் ஓசைக்காகக் காத்திருந்தார். ஓசை வரவில்லை. முடித்துவிட்டார் போலும் என்று இவன் எண்ணினான். முடித்துவிட்டார் போலும் என்று அவரும் எண்ணினார். இருவர் பொறுமையும் ஒரே நீளமாக இருந்தமையால் இரு குழாய்களும் மறுபடி ஒருங்கே திறந்தன.

"ஐயோ, இன்னும் முடிக்கலயா மாமா? சாரி, சாரி. நீங்க குளிங்க."

"சும்மா இருங்க மாப்பிள்ளை. நீங்க குளிங்க, நான் நிக்கறேன்."

மூடின. திறந்தன. மூடின. வெந்நீருக்கான போரில் ஒருவரையொருவர் வேகவைத்த அதே இருவர், விட்டுக்கொடுக்கும் போரில் ஒருவரையொருவர் உலரவைத்தனர். சம எடையுள்ள மரியாதைகள் இரண்டு எதிரெதிரே நின்றால் எதுவும் நகராது; ஒரே ஒரு மரியாதை கெட்டவன் அங்கு இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் இருவரும் குளித்து முடித்திருப்பார்கள். அந்தக் குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லாதது அதன் பெருமை. அன்று காலை அதுவே அதன் கேடு.

அமைதிக்கு இன்னொரு செவியும் இருந்தது. நடைபாதையில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார், இரண்டு அறைகளிலும் நீரோசை நின்றதைக் கேட்டார். அவ்வீட்டின் வழக்கம் ஒன்றுண்டு: குளியலறைச் சத்தம் நின்றால், அருகில் இருப்பவர் ஹீட்டரை அணைக்க வேண்டும். மின்சாரம் வீணாகாமல் காக்கும் அந்த வழக்கமும் பின்னூட்டத் தாயின் பிள்ளைகளில் ஒன்றே: ஓசையே அளவீடு, அமைதியே நோக்கம், விரலே கட்டுப்பாடு. ஓசை நின்றால் குளியல் முடிந்தது என்பது அதன் மாதிரி. அம்மாதிரியும் அதுவரை பொய் சொன்னதில்லை.

"ரெண்டு பேரும் முடிச்சாச்சு போல" என்று சொல்லி, அம்மையார் பொத்தானை அழுத்தினார். செவ்விளக்கு அணைந்தது. போரில் பாதிக்கு மேல் வற்றிப் புதுத் தண்ணீர் நிரம்பியிருந்த கலன், அத்தோடு சூடாவதை நிறுத்திக்கொண்டது.

உள்ளே தலைவன் ஒரு முடிவுக்கு வந்தான். "சரி மாமா, நீங்க சொல்றதால நான் குளிச்சிடறேன்" என்று பணிந்து, கைப்பிடியைத் திறந்தான். வெதுவெதுப்பு வந்தது. பத்து எண்ணுவதற்குள் அது மெலிந்தது. மேலும் திருப்பினான், மேலும் மெலிந்தது. கைப்பிடி அதன் எல்லையில் முட்டி நின்றது. அதற்கு மேல் திருப்ப இடமில்லை. பிழையோ இன்னும் இருந்தது. பிழையைக் கண்டு, அதன் பக்கம் கையை அசைக்க முடியாமல் நிற்கும் கட்டுப்பாட்டாளனைப் போல இரங்கத்தக்கவன் எவ்வுலகிலும் இல்லை.

ஒன்பது வார வரைபடங்களையும், நகப்பூச்சின் செம்புள்ளியையும், கண்ணாடியில் வழிந்துபோன பெட்டியையும் மனத்தால் துறந்து, மூச்சைப் பிடித்து, பனிநீருக்குள் தலையைக் கொடுத்தான். அந்த அலறலைக் கேட்ட மாமனார் சுவருக்கு அப்பால் மகிழ்ந்து, "அப்படித்தான் மாப்பிள்ளை, நல்லா குளிங்க" என்று வாழ்த்தினார்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குத் தலைவன் வெளிப்பட்டான். உடை அணிந்தான். தும்மினான். பையை எடுத்தான். தும்மினான். குரல் பாதி போயிருந்தது, பாதி இருந்தது. எட்டே கால் பேருந்து தெருமுனையில் வந்து நிற்கும் நிறுத்தம் மூன்றாம் தளத்து ஜன்னலிலிருந்து தெளிவாகத் தெரிந்தது. அதில் ஏறினால் ஒன்பதுக்கு முன்பே கல்லூரி. குழு காத்திருக்கும். பாதிக் குரலிலும் ஒரு மணி நேரம் பேச முடியும்.

ஆனால் தேர்ப்பாகன் வரவில்லை. முன்பக்கக் குளியலறைக் கதவு மூடியே இருந்தது. உள்ளே, உடம்பெங்கும் சோப்போடு, மாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுத்த பெருமையோடு தம் முறை வந்து குழாயைத் திறந்த மாமனார், குளிர்ந்த நீரைக் கண்டு சினந்து, ஹீட்டரைப் போடும்படி வீட்டுக்கு ஆணையிட்டிருந்தார். செவ்விளக்கு மறுபடியும் எரியத் தொடங்கியிருந்தது. கலன் சூடாகக் காத்திருந்தார் அவர். காத்திருக்க அவருக்குத் தெரியும். ரயிலில் கழித்த வாழ்க்கை.

"நீங்க பஸ்ல போயிடுங்களேன்" என்றாள் மனைவி, தாழ்ந்த குரலில். "அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"எப்படி விட்டுட்டுப் போறது? ஆசையா கொண்டு விடறேன்னு சொன்னார்."

"வேலை போச்சுன்னா ஆசையா இன்னொண்ணு வாங்கித் தருவாரா?"

தலைவன் ஜன்னலைப் பார்த்தான். பேருந்து வந்தது, நின்றது. கதவைப் பார்த்தான். குளியலறையின் கதவுக்கு அப்பாலிருந்து, எல்லா அவசரங்களையும் ஆற்றுப்படுத்தும் தண்ணளியோடு அறிவிப்பு எழுந்தது.

"மாப்பிள்ளை, கிளம்பிட்டீங்களா? இதோ வந்துட்டேன், அஞ்சே நிமிஷம்."

"நிதானமா வாங்க மாமா" என்றான், முறைதவறாக் குடியில் வந்த முறைதவறா மருமகன், பாதிக் குரலின் முழு வலிமையையும் கூட்டி, கல்வியும் கணக்கும் கைவிட்டபின்னும் கைவிடாத ஒன்றைக் கடைசிக் கேடயமாகப் பற்றிக்கொண்டு, பேருந்து தெருமுனையில் திரும்பி மறைவதைக் கண்ணிமைக்காமல் நோக்கியவாறு.

அவர்கள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது, அவன் முறைக்கு அடுத்த விண்ணப்பதாரரை அழைத்த குழுவினர், முழு மணி நேரமும் கேட்காமலே வேலையை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.